குழந்தைகளின் கடும் நுரையீரல் செயலிழப்பு: பிழைப்பது எதைப் பொறுத்தது?

1967 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் நால்வர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். விபத்து, தொற்று என்று வெவ்வேறு காரணங்களால் மருத்துவமனைக்கு வந்த பன்னிரண்டு பேர் ஒரே மாதிரியான மூச்சுத்திணறலுக்கு ஆளாகியிருந்தார்கள். ஆக்சிஜன் கொடுத்தும் உடலின் நீலம் தெளியவில்லை. நுரையீரல் விறைத்துப் போயிருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெண்மை படர்ந்திருந்தது. பன்னிருவரில் ஏழு பேர் இறந்தார்கள். கட்டுரையின் தலைப்பு பெரியவர்களைப் பற்றியது என்று சொன்னாலும், அந்தப் பன்னிருவரில் மிக இளையவருக்கு வயது 11.

இன்று ஏ.ஆர்.டி.எஸ். என்று அழைக்கப்படும் நோய்நிலை முதன்முதலில் பதிவானபோதே அதில் ஒரு சிறுவயது நோயாளி இருந்தார். ஆனாலும் குழந்தைகளுக்கென்று தனி வரையறை 2015இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பெரியவர்களுக்கு வகுத்த அளவுகோலையே குழந்தைகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

குழந்தை நல ஐ.சி.யூ.வின் வாசலில் நிற்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "மெஷினில் வைத்திருக்கிறார்களே, பிழைத்துவிடுமா?" என்பதுதான். கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றன, மரணத்தை நோக்கித் தள்ளும் காரணிகள் எவை, அவற்றில் நம் கைக்குள் இருப்பவை எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்பே சொல்லிவிடலாம்: இந்தக் குழந்தைகளின் உயிரை நுரையீரலின் சேதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. குழந்தை எந்த நிலையில் வந்து சேர்ந்தது, மற்ற உறுப்புகள் தாக்குப்பிடிக்கின்றனவா, பக்கத்தில் நின்று கவனிக்க ஆள் இருக்கிறதா ஆகிய மூன்றும் அதே அளவுக்கு, சில வேளைகளில் அதைவிட அதிகமாக, தீர்மானிக்கின்றன.

குழந்தையின் நுரையீரல் ஏன் தனி?

நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளில்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்கு மாறுகிறது. நிமோனியாவோ ரத்தத்தில் பரவிய தொற்றோ அந்தப் பைகளின் மெல்லிய சுவரைப் புண்ணாக்கினால் புரதம் கலந்த நீர் உள்ளே கசிகிறது. பைகள் சுருங்கி மூடாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் செயலிழக்கிறது. நுரையீரல் நீர் குடித்த பஞ்சுபோல் கனத்துவிடுகிறது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது ரத்தத்தைச் சென்றடைய வழியில்லாமல் போகிறது.

குழந்தைக்கு இதில் கூடுதல் பாதகங்கள் உண்டு. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழலின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். அதே வீக்கம் பெரியவரின் 8 மில்லிமீட்டர் குழலில் சுமார் 3 மடங்கு எதிர்ப்பைத்தான் உண்டாக்கும். குழந்தையின் விலா எலும்புகள் இளகியவை. சிரமப்பட்டு மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடே உள்வாங்கி, உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தையின் ஆக்சிஜன் தேவை பெரியவரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே சரிவு தொடங்கினால் வேகமாகச் சரியும். மறுபுறம், பிறந்த பிறகும் புதிய காற்றுப்பைகள் உருவாகிக்கொண்டிருக்கும் நுரையீரல் அது. மீண்டெழும் திறனும் அதற்கு உண்டு.

கடுமையை எப்படி அளப்பது?

பெரியவர்களுக்கான 2012ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தைக் கொடுக்கப்படும் ஆக்சிஜனின் அளவால் வகுத்துப் பார்க்கிறது. அந்த எண் 100 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கடுமையான நிலை. இதில் ஒரு குறை: வென்டிலேட்டர் எவ்வளவு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துகிறது என்பது கணக்கில் போதிய இடம் பெறுவதில்லை. குழந்தை நல ஐ.சி.யூ.க்களில் அந்த அழுத்தம் மருத்துவருக்கு மருத்துவர் மாறுவதால் ஒரே எண் வெவ்வேறு கடுமையைக் குறிக்கக்கூடும்.

2015இல் குழந்தைகளுக்காகக் கூடிய 'பாலிக்' என்ற பன்னாட்டு வல்லுநர் குழு 'ஆக்சிஜனேற்றக் குறியீடு' என்ற அளவைத் தேர்ந்தது. வென்டிலேட்டரின் சராசரி அழுத்தத்தைச் செலுத்தப்படும் ஆக்சிஜனின் விழுக்காட்டால் பெருக்கி, ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். சராசரி அழுத்தம் 16, ஆக்சிஜன் 60 விழுக்காடு, ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 60 என்றால் குறியீடு 16. அங்கேதான் 'கடுமை' தொடங்குகிறது. தமனியிலிருந்து ரத்தம் எடுக்க முடியாத இடங்களில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அளவை வைத்தே கணிக்கவும் இந்தக் குழு வழி செய்தது. வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு இது பெரிய உதவி. குறைப்பிரசவம் போன்றவற்றால் வரும், பிறப்பையொட்டிய நுரையீரல் நோய்கள் இந்த வரையறைக்குள் வரா.

2023இல் இந்த வரையறை திருத்தப்பட்டபோது, நோயைக் கண்டறிந்து நான்கு மணி நேரம் கழித்தே கடுமையை வகைப்படுத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். மூச்சுக்குழலில் குழாய் போட்ட முதல் நிமிடத்தில் எடுத்த எண்ணைவிட, சிகிச்சைக்கு உடல் எப்படி இசைகிறது என்று சில மணி நேரம் பார்த்த பின் எடுத்த எண்ணே எதிர்காலத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பது பல ஆய்வுகளின் ஒருமித்த முடிவு. முதல் ஒரு மணி நேரத்தில் மருத்துவர் பிடி கொடுக்காமல் பேசினால், அதற்கு இப்படி ஒரு நியாயமான காரணமும் உண்டு.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு இன்று கிடைக்கும் வலுவான விடை 'பார்டி' ஆய்வு. 2016, 2017 ஆண்டுகளில் 27 நாடுகளின் 145 குழந்தை நல ஐ.சி.யூ.க்களில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. 23,280 சேர்க்கைகளில் 744 குழந்தைகளுக்கு, அதாவது 3.2 விழுக்காட்டினருக்கு, ஏ.ஆர்.டி.எஸ். இருந்தது. மொத்த இறப்பு 17 விழுக்காடு. பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. லேசான, மிதமான நிலையில் இருந்தவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் இறந்தார்கள். கடுமையான நிலையில் மூவரில் ஒருவர்.

நேர்மாறாகச் சொன்னால், நோயின் மிகக் கொடிய நிலையிலும் மூவரில் இருவர் பிழைக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் ஆய்வுகளைத் தொகுத்தால் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்த நோய் இது. 2010க்குப் பிந்தைய ஆய்வுகளில் அது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இந்தச் சராசரிகளில் பெரும்பகுதி வசதியுள்ள நாடுகளின் கணக்கு. இந்தியா உள்ளிட்ட நடுத்தர வருமான நாடுகளின் இறப்பு விகிதம் இதைவிடத் தெளிவாகவே அதிகம். நோய் ஒன்றுதான், குழந்தை வந்து சேரும் நேரமும் நிலையும் வேறு.

கடந்த காலத்தின் சுமை

ஆபத்துக் காரணிகளை இரண்டாகப் பிரிப்பது வசதி. குழந்தை வரும்போதே கொண்டுவருபவை ஒரு வகை. வந்தபின் நாம் செய்வதும் செய்யாததும் இன்னொரு வகை.

முதல் வகையில் முன்னிற்பது நோயெதிர்ப்புக் குறைவு. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட குழந்தை ஆகியோரின் இறப்பு மற்றவர்களைப் போல் பல மடங்கு. மஜ்ஜை மாற்றுக்குப் பின் ஏ.ஆர்.டி.எஸ். வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைவும் இந்தப் பட்டியலில் சேரும். எடை குறைந்த குழந்தையின் சுவாசத் தசை முன்பே சோர்ந்திருக்கும். கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைவு.

அடுத்தது நோயின் மூலம். பார்டி ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றே தொடக்கம். அதற்கடுத்து செப்சிஸ் (ரத்தத்தில் பரவிய தொற்று), உணவோ வாந்தியோ நுரையீரலுக்குள் புகுதல், நீரில் மூழ்குதல், விபத்து. நம் ஊர்களில் இதோடு டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், தட்டம்மை, மண்ணெண்ணெய் குடித்துவிடுதல் ஆகியவையும் உண்டு. நேரடியாக நுரையீரலில் தொடங்கிய நோயைவிட, உடலின் வேறெங்கோ தொடங்கி ரத்தம் வழியே வந்த செப்சிஸ் ஆபத்தானது. ஏனென்றால் அது நுரையீரலை மட்டும் தாக்கி நிற்பதில்லை.

2009ஆம் ஆண்டின் எச்1என்1 பரவல் இன்னொரு பாடம் தந்தது. அமெரிக்காவில் 35 குழந்தை நல ஐ.சி.யூ.க்களில் சேர்ந்த 838 குழந்தைகளை ஆராய்ந்ததில் ஏறக்குறைய 9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். முன்பு எந்த நோயும் இல்லாத குழந்தைகளுக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் கூடவே தொற்றியிருந்தால், இறக்கும் ஆபத்து எட்டு மடங்காகியது. ஆரோக்கியமான குழந்தைக்கு வைரஸ் காய்ச்சல்தானே என்ற நிம்மதி எல்லா நேரத்திலும் செல்லாது.

எல்லாவற்றையும் விடக் கனமான காரணி பல உறுப்புச் செயலிழப்பு. ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: ஏ.ஆர்.டி.எஸ். குழந்தைகளில் ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தும் ஏறாமல் இறப்பவர்கள் சிறுபான்மை. முதல் வாரத்தில் இறப்பவர்களில் பலருக்கு மூளைச் சேதம் காரணமாகிறது. பிந்தி இறப்பவர்களுக்குச் சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் கைவிடுவது காரணமாகிறது. வென்டிலேட்டர் திரையில் எண்கள் தேறிவருகையிலேயே குழந்தையை இழக்கும் சோகம் இதனால்தான் நேர்கிறது.

நம் கையில் இருப்பவை

இரண்டாம் வகைக் காரணிகளில்தான் மருத்துவத்தின் பொறுப்பு தொடங்குகிறது. நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இதற்கு இல்லை. நுரையீரல் தானே ஆறும்வரை மேலும் காயப்படுத்தாமல் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

பெரியவர்களில் இதற்கான முதல் உறுதியான சான்று 2000ஆம் ஆண்டு வந்தது. 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கிலோ உடல் எடைக்கு 12 மில்லிலிட்டர் வீதம் காற்று கொடுத்தவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். அதைப் பாதியாக்கி 6 மில்லிலிட்டர் கொடுத்தவர்களில் 31 விழுக்காடு. அதிகக் காற்றைத் தள்ளுவதே நுரையீரலைக் கிழிக்கிறது என்று தெரிந்தது. குழந்தைகளிடம் இப்படியொரு சோதனை நடக்கவில்லை. கவனிப்பு ஆய்வுகள் சிலவற்றில் அதிகக் காற்று பெற்ற குழந்தைகள் குறைவாகவே இறந்திருப்பதுகூடத் தென்பட்டது. இதைப் பார்த்து அதிகக் காற்று நல்லது என்று முடிவுகட்டினால் தவறு. குழந்தைகளுக்கு வென்டிலேட்டரைப் பெரும்பாலும் அழுத்தத்தை நிலைநிறுத்தித்தான் இயக்குகிறார்கள். அதே அழுத்தத்தில் இளகிய நுரையீரல் அதிகக் காற்றை வாங்கும்; விறைத்தது குறைவாக வாங்கும். அதிகக் காற்று வாங்கியது நோய் லேசாக இருந்ததன் அடையாளமேயன்றி, பிழைத்ததன் காரணமல்ல.

மூச்சை வெளிவிட்ட பிறகும் காற்றுப்பைகள் மூடிவிடாமல் காக்கும் 'பீப்' அழுத்தம் இன்னொன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நெறிமுறை சொல்வதைவிடக் குறைந்த பீப் வைத்திருந்தார்கள். அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. புது மருந்தோ புது இயந்திரமோ தேவைப்படாத, இருக்கும் கருவியின் பொத்தானைத் திருப்பினால் மாற்றக்கூடிய காரணி இது.

திரவமும் அப்படியே. அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு முதலில் சலைன் தேவைப்படலாம். அடுத்த நாட்களிலும் அது உடலில் தேங்கினால் கசியும் நுரையீரலில்தான் போய்ச் சேரும். மூன்றாம் நாளில் உடலில் தேங்கிய நீர் அதிகமாக இருப்பது நீண்ட வென்டிலேட்டர் நாட்களோடும் இறப்போடும் தொடர்புள்ளது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' சோதனை 2011இல் மருத்துவ உலகை அதிரவைத்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5 விழுக்காடு அளவில் இறந்தார்கள், ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. வென்டிலேட்டரும் ஐ.சி.யூ.வும் இல்லாத இடத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவது உதவியல்ல என்பது அந்தச் சோதனையின் செய்தி.

பலன் தராத முயற்சிகளும் உண்டு. குப்புறப் படுக்கவைப்பது கடும் நிலையிலுள்ள பெரியவர்களின் இறப்பைப் பாதியாக்கியது என்று 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நிரூபித்தார்கள். குழந்தைகளிடம் நடந்து 2005இல் வெளியான சோதனையில் அப்படியொரு பலன் தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் 102 பேரே. அதே ஆண்டு, சர்ஃபக்டன்ட் மருந்து இறப்பை 36இலிருந்து 19 விழுக்காடாகக் குறைத்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. மருந்து பெறாத குழுவில் நோயெதிர்ப்புக் குறைந்த குழந்தைகள் கூடுதலாக இருந்ததும் சேர்த்துக் கவனிக்கப்பட்டது. 2013இல் வெளியான மறுசோதனையில் பலன் காணாமல் போனது. வந்து சேர்ந்த குழந்தை யார் என்பது மருந்தின் கணக்கையே புரட்டிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எக்மோ என்ற கடைசிப் படி

வென்டிலேட்டரும் கைவிடும்போது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவி இருக்கிறது. 1975இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் இதைக் கொண்டு ஒரு பச்சிளம் குழந்தையைக் காப்பாற்றினார். 1996இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் எக்மோ பெற்ற 93 பச்சிளம் குழந்தைகளில் 30 பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர். பிறந்த குழந்தைகளைப் பொறுத்தவரை விவாதம் அத்தோடு முடிந்தது.

வளர்ந்த குழந்தைகளுக்கு அப்படியொரு சோதனை இன்றுவரை இல்லை. பன்னாட்டுப் பதிவேட்டின்படி, சுவாசக் காரணத்துக்காக எக்மோவில் வைக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வீடு திரும்புகிறார்கள். இந்தச் சராசரிக்குள்ளும் பெரிய ஏற்றத்தாழ்வு. 1993 முதல் 2007 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளில், கடும் ஆஸ்துமாவுக்காக வைக்கப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். கக்குவான் இருமலில் 39 விழுக்காடுதான். இரண்டு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்த பிறகு எக்மோவுக்குப் போனவர்களின் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. சிறுநீரகமோ கல்லீரலோ முன்பே செயலிழந்திருந்தால் இன்னும் குறைந்தது. 2018இல் வெளியான ஓர் ஒப்பீடு, கடுமையில் நிகரான குழந்தைகளை இணைத்துப் பார்த்தபோது எக்மோவால் இறப்பு குறைந்ததாகக் காட்டவில்லை. தேர்ந்த மையத்தில், தேர்ந்தெடுத்த குழந்தைக்கு, உரிய நேரத்தில் பயன்படுத்தினால் உயிர் காக்கும் கருவி இது. எல்லோருக்குமான விடை அல்ல. வீட்டை விற்றாவது செய்யலாமா என்று கேட்கும் குடும்பத்துக்கு மருத்துவர் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

டாக்காவும் மலாவியும்

உலகில் 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவர்களில் பெரும்பாலோர் எக்மோவை மட்டுமல்ல, வென்டிலேட்டரையே பார்த்திராதவர்கள். எனவே மிக முக்கியமான சான்றுகள் ஏழை நாடுகளிலிருந்தே வர வேண்டும், வந்தும் இருக்கின்றன.

டாக்கா மருத்துவமனை ஒன்றில் 'குமிழி சி-பேப்' என்ற எளிய முறையைச் சோதித்தார்கள். மூக்குக் குழாயின் மறுமுனையை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் அமிழ்த்தினால், நீரின் ஆழமே தேவையான அழுத்தத்தைத் தரும். 2015இல் வெளியான முடிவின்படி, கடும் நிமோனியாவோடு ஆக்சிஜன் குறைந்து வந்த குழந்தைகளில் இம்முறை பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர் இறந்தார்கள். சாதாரணமாக ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 15 விழுக்காடு.

இதே முறையை ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, கடும் ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் உள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்தினார்கள். 2019இல் வந்த முடிவு தலைகீழ்: சி-பேப் பெற்றவர்களில் 17 விழுக்காடு இறப்பு, ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 11. டாக்காவில் மருத்துவர்கள் இரவும் பகலும் உடனிருந்தார்கள். மலாவியில் அது மருத்துவர் அன்றாடம் வந்து பார்க்காத பொது வார்டு. குழந்தைகளும் கூடுதலாக நலிந்தவர்கள். கருவியைக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்கும் ஆளைக் கொடுக்காமல் விட்டால் அந்தக் கருவியே ஆபத்தாகலாம்.

பிழைத்த பின்

டிஸ்சார்ஜ் சீட்டோடு நோய் முடிவதில்லை. பிழைத்த குழந்தைகள் பலரின் நுரையீரல் பரிசோதனையில் மாதங்கள் கழித்தும் குறை தெரிகிறது. சிலருக்கு நடை, பேச்சு, நினைவு ஆகியவற்றில் பின்னடைவு. தூக்கம் கலைந்து அலறும் குழந்தைகளும், மனம் உடைந்த பெற்றோரும் உண்டு. ஆயினும் நம் மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் இவர்களுக்கென முறையான தொடர் கண்காணிப்பு இல்லை. பிழைப்பு விகிதம் உயர உயர இந்தத் தேவையும் உயரும்.

என்ன செய்ய வேண்டும்?

இத்தனை ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மிக அதிக உயிர்களைக் காக்கும் வேலை ஐ.சி.யூ.வுக்கு வெளியேதான் இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பை உள்ளடக்கிய, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை இந்தியாவில் முதலில் தொடங்கியவை 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. இவை இரண்டும், தட்டம்மை ஊசியும் சேர்ந்து தடுக்கும் மரணங்களுக்கு எந்த வென்டிலேட்டரும் ஈடாகாது. அரசின் பங்கு அடுத்தது: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தையின் விரலுக்குப் பொருந்தும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் தடையில்லாத ஆக்சிஜனும் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் கருவி வாங்கும் அதே கோப்பிலேயே அதைக் கண்காணிக்கும் செவிலியர் பணியிடத்துக்கும் ஒப்புதல் வேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது எளிது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை துவண்டு கிடந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கடும் நிலையிலும் மூவரில் இருவர் பிழைக்கும் நோய் இது. அந்த இருவரில் ஒருவராக உங்கள் குழந்தையும் இருக்க, நீங்கள் சேமித்துக் கொடுக்கும் அந்தச் சில மணி நேரமே பெரும் உதவி.